இலைக்கு ஒரு வாரம்

கார்த்திகை, செவ்வாய்க்கிழமை. சின்னக்கானல்.

வெள்ளிக்கிழமை பரீட்சை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். அங்கே யாரோ கூடி முடிவு செய்ததை எல்லாம் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். தலை கனக்கிறது.

சாயங்காலம் மருந்தடித்துவிட்டு வந்த அப்பா, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நம் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் உற்சாகமாகவே சொன்னேன். தேயிலையில் பூச்சிமருந்தின் மிச்சம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் அந்த நாடுகள் எதுவுமே சரக்கை உள்ளே விடாது என்றேன்.

"அதுக்குத்தான் மருந்தடிச்ச காட்டுல ஒரு வாரம் கொழுந்து எடுக்க விடமாட்டேங்காங்களா?"

"ஆமாப்பா."

"இலைக்கு ஒரு வாரம் ஓய்வு. நான் மறுநாளே அடுத்த காட்டுக்கு மருந்தடிக்கப் போறேன். என் உடம்புல எவ்வளவு மிச்சம் இருக்கலாம்னு அதுல போட்டிருக்கா தாயி?"

"அது தொழிலாளர் சட்டம்ப்பா. இதுல வராது."

"அப்ப அதையும் படிச்சிருப்பல்ல?"

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றார்கள் சட்டக் கல்லூரியில். வெளிநாட்டில் வேலை கிடைக்கும் என்று நான் இதை எடுத்தேன். ஆனால் அவரிடம் படித்திருக்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூட நகரவில்லை. அவருடைய மருந்துச் சட்டை தனிக் கொடியில் காய்கிறது. அம்மா அதை எங்கள் துணிகளோடு சேர்த்து ஊறவைப்பதே இல்லை.

காலையில் அதையேதான் போட்டுக்கொண்டு போவார்.