கரைஞ்சிருச்சு என்றோமே

போகிக்கு முந்தின நாள். சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடைபாதை முழுக்கச் சிறுபீளைக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துப் பொங்கலுக்கு வாசலில் காப்புக் கட்ட வாங்குகிற அதே வெள்ளைப் பூ. நான் ஒதுங்கித்தான் நடந்தேன். விற்கிற அம்மா விடவில்லை.

"வாங்கிட்டுப் போங்கக்கா. வேரைக் கஷாயம் வச்சுக் குடிச்சா எம்புட்டுப் பெரிய கல்லும் கரைஞ்சிரும்."

"கரையாது! கரைஞ்சிருச்சுன்னு நம்புனவ செத்துப்போயிட்டா!" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். அந்த அம்மா மிரண்டு போய்ப் பூக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பாவம், அவர் மேல் எனக்கு என்ன கோபம்? கோபமெல்லாம் உன் மேல்தான்டி.

உனக்குத் தெரியாததா? ஒரே மிஷன் பள்ளியில் நீ கெமிஸ்ட்ரி, நான் தமிழ். உனக்கு விலாவில் வலி வந்து, படம் எடுத்துச் சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்த அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் நீதான் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தாய். "கால்சியம் ஆக்ஸலேட்டுடி. தண்ணியில கரையாது. சின்னதா இருந்தா தண்ணியோட வெளிய வந்துரும், அம்புட்டுத்தான்."

வாடிப்பட்டியில் இருந்த ஆயுர்வேத டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். நானும் கூட வந்திருந்தேனே. நெருஞ்சில், சிறுபீளை வேர், மாவிலங்கப் பட்டை போட்ட கஷாயம் கொடுத்தார். "கல்லு சின்னதுதான், கரையாது, தானா வெளிய வந்துரும், கஷாயம் குடிங்க. ஆனா நாள் முழுக்கத் தண்ணி குடிக்கணும். வலி நின்னாலும் நிக்காட்டாலும் பதினஞ்சாம் நாள் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. குளிர்காய்ச்சல் வந்தா என்கிட்ட வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க." ஸ்கேனுக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். இதைவிட யார் என்ன சொல்ல முடியும்?

நாள் முழுக்கத் தண்ணீர்! நம் பள்ளியிலா? மைதானத்தின் அந்தக் கோடியில், தாழ்ப்பாள் இல்லாத ஒற்றைக் கக்கூஸ். நீ உள்ளே போனால் நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் போனால் நீ. இதற்குப் பயந்தே வருஷக்கணக்காகத் தொண்டையை நனைத்ததோடு சரி. தாழ்ப்பாள் கேட்டு எத்தனை முறை எழுதிக் கொடுத்தோம்! "பாப்போம் டீச்சர்" என்பார்கள். கடைசியில் நீ கண்டுபிடித்த வழி, ஃபிளாஸ்க்கில் கஷாயத்தைக் கொண்டுவந்து மதியம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பது. தண்ணீர் பாட்டில் காலையில் கொண்டுவந்தபடியே வீட்டுக்குத் திரும்பும்.

பத்தாம் நாள் வலி நின்றது. அரைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "இன்னைக்கு வலியே இல்லடி" என்றாய். "அப்ப கரைஞ்சிருச்சு!" என்று மேஜையைத் தட்டினேன். நீயும் தலையாட்டி, "ஆமாடி, கரைஞ்சிருச்சு" என்றாய். கரையாது என்று சொன்ன அதே வாய்.

கல் கரையவில்லை. சிறுநீர்க் குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தது. அடைபட்ட சிறுநீரகம் சில சமயம் வலிக்காமலே வீணாகும் என்று பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பதினைந்தாம் நாள் போனது. "பேப்பர் திருத்தி முடிச்சுட்டு ஸ்கேனுக்குப் போறேன்" என்றாய். குளிர்காய்ச்சலும் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி பரீட்சை ஹாலில் நின்றாய். "மழைக்காத்துடி, ஒண்ணுமில்ல" என்றாய். மூன்றாம் நாள் ஸ்ட்ரெச்சரில் நினைவில்லாமல் போனாய். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். வாடிப்பட்டி டாக்டரம்மா துக்கத்துக்கு வந்திருந்தார். உன் வீட்டுக்காரர் அவர் மேல் பாய்ந்தார். அந்த அம்மா மாலையை வைத்துவிட்டு இறங்கிப் போனார். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தாரே என்று நான் சொல்லவில்லை. அவரைத் தவிர, சீட்டு ஒன்று இருக்கிறது என்று அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

உன்னை அடக்கம் செய்த மறுவாரமே கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். அதைப் பார்த்ததும் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. இப்போது மூன்றாம் பீரியடில் பாடத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கிறேன், பிள்ளைகளையும் குடிக்க வைக்கிறேன். ஹெச்.எம். முறைக்கிறார். முறைக்கட்டும்.

அந்த ஸ்கேன் சீட்டு உன் மார்க் ரெஜிஸ்டருக்குள் இருந்தது. நான்கு மடிப்பாக இப்போது என் பர்ஸில் இருக்கிறது. வலி நின்றுவிட்டது என்று யார் சொன்னாலும், "ஸ்கேன் எடுத்தியா?" என்றுதான் கேட்கிறேன். சிடுமூஞ்சி என்கிறார்கள். அன்றைக்கு உன்னிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும். நான் மேஜையைத் தட்டி, "கரைஞ்சிருச்சுல்ல, ஸ்வீட் எங்கடி?" என்று கேட்டேன். நீயும் வாங்கிக் கொடுத்தாய். நான் தின்றேன்.