சிவெர்ட்டுக்கு இருபத்தைந்து வார்த்தைகள்

1942 அக்டோபர் 6, செவ்வாய்

மழை. உருளைக்கிழங்கு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று வீட்டுக்கு வந்தால், கதவுக்கு அடியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் தாள். அவன் கையெழுத்துகூட இல்லை, யாரோ தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஆனாலும் அது சிவெர்ட்தான்.

"அன்புள்ள போர்கில், நலம். என்ஜின் அறை சூடு, காப்பி தாராளம். டாக்னிக்கு எழுத்து தெரியுமா? அப்பா என்று எழுதச் சொல். அக்காவுக்கு அன்பு. சிவெர்ட்."

தேதி ஏப்ரல் பதினொன்று. அன்று டாக்னி முற்றத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் ஒன்பதில் போய்விட்டாள், தொண்டை அடைப்பான் நோயில். ஐந்து வயது. அவன் கேட்டபோது கேள்வி சரியாகத்தான் இருந்தது. கடிதம்தான் ஆறு மாதம் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

தாளின் பின்பக்கம் பதிலுக்கு. இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் கூடாது.

அக்டோபர் 7

நாத்தனார் குரினே சொல்லக்கூடாது என்கிறாள். ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்தபோது சிவெர்ட்டின் கப்பல் வெளிக்கடலில் இருந்தது. அன்றிலிருந்து ஜெர்மானியர்களை எதிர்க்கும் பக்கத்துக்காக எண்ணெய் ஏற்றிக்கொண்டு அலைகிறது. "தலைக்கு மேல குண்டு, காலுக்குக் கீழ குண்டு. நடுவுல நிக்கிறவன்கிட்ட இதையும் சொல்லணுமா? அவன் வந்து சேரட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

அவள் சொல்வதில் தப்பு இல்லை. தப்பு இல்லைதானே?

"மூவரும் நலம்" என்று எழுதினேன். மற்ற வார்த்தைகள் வானிலையைப் பற்றி.

அக்டோபர் 9

தபால் இந்நேரம் போயிருக்கும். திருப்பிக் கேட்க முடியாது. தரையை இரண்டு தரம் துடைத்துவிட்டேன்.

1943 மார்ச் 2

இன்னொன்று வந்தது. நவம்பரில் எழுதியது. "என் படுக்கைக்கு மேலே சுவரில் டாக்னிக்கு வருஷத்துக்கு ஒரு கோடு போடுகிறேன். இப்போது உயரம் எவ்வளவு? சரியாக அளந்து எழுது."

என் பொய் அவனுக்குக் கிடைத்ததோ இல்லையோ தெரியாது. குரினே தாளைப் படித்துவிட்டு, ஏதாவது ஒரு எண் எழுதிப்போடு என்றாள். ஏதாவது ஒரு எண்.

மார்ச் 4

என்ன செய்தேன் என்று எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும். பக்கத்து வீட்டுத் தூர்டிஸின் மகளும் டாக்னியும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளையைக் கதவோடு நிறுத்தி அளந்தேன். கூச்சத்தில் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். தூர்டிஸ் என்னைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

வீட்டுக்கு வந்து அந்த எண்ணைத் தாளில் எழுதப் போனேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என்னடி பண்ற நீ? ஊரான் வீட்டுப் பிள்ளைய அளந்து உன் புருஷனுக்கு அனுப்புவியா?

மார்ச் 5

குரினேயிடம் சொல்லாமல் போனேன். செஞ்சிலுவைக் கிளையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தாள். வழியில் ஒரு வரி எழுதி அடித்திருந்தேன் — "கடைசிவரை அவள் பக்கத்தில் இருந்தேன்" என்று. அதுவும் பொய். தொற்று என்று தனி வார்டில் வைத்திருந்தார்கள். யாரையும் உள்ளே விடக்கூடாது, அது விதி. மூன்று நாள் வெளியே நின்று கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"சிவெர்ட், டாக்னி இல்லை. ஆகஸ்ட் ஒன்பது, தொண்டை அடைப்பான். உள்ளே விடவில்லை, ஜன்னலில் நின்றேன். முன்பு பொய் எழுதினேன். மன்னித்துவிடு. உயிரோடு வா. போர்கில்."

அந்த அம்மாள் பென்சில் முனையால் எண்ணினாள். அப்புறம் இன்னொரு முறை எண்ணினாள், மெதுவாக. "இன்னும் ஏழு வார்த்தை எழுதலாம்மா" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

மார்ச் 6

குரினேயிடம் சொல்லிவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 9

ஒரு வருஷம். கடற்கரைப் பக்கம் போகக் காவல்காரன் விடவில்லை. தெருவிலேயே மேலும் கீழும் நடந்தேன்.

1944 ஜனவரி 18

வந்தது! தேதி சென்ற ஜூன். "மூவரும் நலம் என்றாய், மகிழ்ச்சி. உயரம் எழுதவில்லையே. குத்துமதிப்பாகக் கோடு போட்டேன்."

அப்படியானால் ஜூன் வரை உயிரோடு இருந்தான். ஜூன் வரை என் இரண்டாவது தாள் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு? வழியில் மூழ்கியிருந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். கடிதத்தைச் சொல்கிறேன், கடிதத்தை.

மே 30

கடலில் இருக்கும் தம்பியிடமிருந்து தூர்டிஸுக்குக் கடிதம். எனக்கு இல்லை.

நவம்பர் 12

சிவெர்ட்டிடமிருந்து பத்து மாதமாக ஒன்றும் இல்லை. இன்று சாப்பாட்டு மேசையில் குரினே தலையைத் தூக்காமலே சொன்னாள். "கவனம் தப்பினா என்ஜின் அறையில ஒரு நொடி போதும். நீதான் அவன் கவனத்தைக் கெடுத்த."

உப்பு மீனைக் கழுவி, மறுபடியும் கழுவி, சமைக்க மறந்துவிட்டேன்.

1945 மே 8

போர் முடிந்தது. தெருவெல்லாம் கொடி. குரினேயும் நானும் ஒரே ஜன்னலில் நின்று பார்த்தோம். இறங்கிப் போகவில்லை.

ஜூன் 21

தந்தி. "உயிரோடு இருக்கிறேன். இலையுதிர் காலத்தில் வருவேன். சிவெர்ட்." குரினே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் தந்தியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை. தெரியுமா அவனுக்கு? தெரியாதா?

செப்டம்பர் 14

மதியக் கப்பலில் வந்தான். தலை நரைத்துவிட்டது. முப்பத்தாறு வயசுதான். அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்குக் கை கொடுத்தான், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கொடுப்பதுபோல. டாக்னி எங்கே என்று கேட்கவில்லை. அப்போதே புரிந்துவிட்டது.

செப்டம்பர் 17

குரினே தேவாலயத்துக்குப் போயிருந்தாள். நான்தான் ஆரம்பித்தேன். தாள் எப்போது கிடைத்தது?

நாற்பத்துமூன்று அக்டோபரில், ஏதோ ஒரு துறைமுகத்தில். பதில் எழுத உட்கார்ந்தானாம். முதல் தாளில் திட்டினான், கிழித்தான். அடுத்ததிலும் திட்டினான். அப்புறம் தாள் கேட்பதையே விட்டுவிட்டான்.

"அவ போனதுக்கு உன்மேல கோபம் இல்ல, போர்கில். அதுக்கப்புறமும் நான் கோடு போட்டேன் பாரு. செத்த பிள்ளை அந்தச் சுவர்ல வளர்ந்துகிட்டே இருந்தா. கூட வேலை செய்றவங்களக் கூப்பிட்டுக் காட்டினேன்."

"சொல்லியிருந்தா செத்துருவியோன்னு பயந்தேன்."

"ரெண்டு தடவை கப்பல் மூழ்கித் தண்ணிக்குள்ள போய் வந்தேன். சாகல."

நீ எழுதாமல் விட்ட இரண்டு வருஷமும் நான் உன்னைக் கொன்றவளாகவே இருந்தேன் என்றேன். அவன் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை, முகத்தில் தெரிந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

செப்டம்பர் 30

ஒரே வீட்டில் மூன்று பேர். கதவுகள் மட்டும் பேசுகின்றன. தெருவில் போனால் அவன் பத்தடி முன்னால், நான் பின்னால். மறுபடி கப்பலுக்குப் போய்விடுவானோ?

அக்டோபர் 9

ரேஷன் அட்டைக்குப் பெயர் பதிய இரண்டு பேரும் போனோம். மேசையில் இருந்தது வெளியூர்ப் பெண். குழந்தைகள் எத்தனை என்று கேட்டாள். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒரு பொண்ணு இருந்தா" என்றான் சிவெர்ட். "டாக்னி. நான் கடல்ல இருந்தேன். கடைசி மூணு நாளும் இவதான் அவளப் பாத்துகிட்டு நின்னா."

அந்தப் பெண் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு முத்திரை குத்தினாள்.

வெளியே காற்று. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். மீன் கடை வழியாகவா, மலைப்பாதை வழியாகவா என்று கேட்டான். மலைப்பாதை என்றேன். அது சுற்று வழி. என் நடைக்குத் தகுந்தபடி மெதுவாகவே வந்தான்.