சிலையில் கால் பட்டது

2025 ஓகஸ்ட் 14, வியாழன், காலை 10.40, மெல்பேர்ண். வந்த சிலைகள் மூன்று, நிறுத்தியது இரண்டு.

அன்புள்ள அம்மா, முழங்கால் நோ எப்படி? நான் சுகம். வேலை நேரத்தில் அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

லித்துவேனியாவில் கழற்றிய கம்யூனிஸ்ட் தலைவர்களின் சிலைகளை, அந்த நாட்டின் மீதான சோவியத் ஆக்கிரமிப்பைக் காட்டும் இங்குள்ள அருங்காட்சியகத்தில் பொருத்துகிறேன். நேற்று, கிடத்தியிருந்த ஒரு சிலையைத் தூக்கப் பெல்ட் கட்டி இறுக்கும்போது அதன் முகத்தில் கால் பட்டது. பழக்கத்தில் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டேன். அருங்காட்சியகத்தை நடத்தும் லித்துவேனியர் யோனாஸ் அங்கிள் கண்டிட்டார். அவருடைய அப்பா அந்த ஆட்சியின் முகாமில் செத்தவர்.

"இவனையோ கும்பிடுறாய்?"

"இல்லை அங்கிள், கால் பட்டால் ஆருக்கும் செய்வம்."

"அப்ப திரும்ப மிதி."

மிதித்தேன். கை தானாகச் சிலையைத் தொட்டுக் கண்ணுக்குப் போயிட்டுது. என்னை வேலையால நிறுத்திப்போட்டார். யோசிக்காதேங்கோ.

நிரோஜன்

இனி:
1. இன்றைக்கே அவரிடம் மன்னிப்புக் கேட்பேன்.
2. ஞாயிறு அவரோடு இருந்து வீடியோ கோல் எடுப்பேன். கால் பட்டால் தொட்டு ஒற்றுற பழக்கத்தை நீங்களே விளங்கப்படுத்துங்கோ, நான் இங்கிலிசில் சொல்லுவேன். உடனே ஃபோனை வைக்காதேங்கோ.
3. அவர் விட்டால், மூன்றாவது சிலைக்கு ஏணி வைப்பேன். கால் படாது, கையும் சும்மா கிடக்கும்.