விதைக் காகிதமும் கிணற்றுத் தண்ணீரும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம், நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டு அந்த ‘நாங்கள் நலம்’ என்பதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், முழுக்கப் படித்துவிட்டு அது சரியா தப்பா என்று நீயே சொல். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், நீயும் பாதிப் பேச்சில் மாப்பிள்ளையை இணைத்துவிடுகிறாய், அப்புறம் நான் என்ன பேச முடியும், துணிப்பைக்கு என்ன நிறத்தில் நூல் போடட்டும் என்று கேட்டுவிட்டு, தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். கடிதத்தில்தான் நீ குறுக்கே பேச மாட்டாய்.

கல்யாண வேலை எல்லாம் நீ சொன்னபடியே நடக்கிறது. கல்யாணம் நடத்தத் தோட்டத்துக்குச் சொல்லியாகிவிட்டது, பகலிலேயே முடிந்துவிடுவதால் விளக்குச் செலவும் இல்லை. வருகிறவர்களுக்குக் கொடுக்கத் துணிப்பை தைத்துத் தைத்து என் தையல் மிஷின் என்னைக் கண்டாலே முனகுகிறது. பிளாஸ்டிக் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று நீ போட்ட சட்டத்தை, உன் அப்பா பஸ் கண்டக்டராக இருந்த காலத்துக் குரலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் அறிவித்துவிட்டார். விதை கலந்து செய்த விதைக் காகிதத்தில் அச்சடித்த மாதிரிப் பத்திரிகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த உன் அத்தை, இதைப் படிக்கணுமா இல்ல விதைக்கணுமா, அதை முதல்ல சொல்லுங்க என்றாள். ரெண்டும்தான் என்றேன், எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையில் ஒரு பத்திரிகையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொல்லைத் தொட்டியில் புதைத்தேன், இன்னொன்றை எதிர்வீட்டு டீச்சருக்குக் கொடுத்தேன். அவள் ஜன்னலில் அது விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேல் என்று வந்துவிட்டது. நம் தொட்டியில் மருந்துக்குக்கூட ஒரு பச்சை இல்லை. எனக்குக் கைராசி போதாது என்று சிரித்துக்கொண்டே இன்னொன்றைப் போட்டேன், அதுவும் மக்கிப்போனது. டீச்சர் விடவில்லை, தொட்டியையே இங்க கொண்டாங்கக்கா என்று வாங்கிக்கொண்டு போய்ப் புதிதாக ஒன்றை வைத்துத் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினாள். அதே தொட்டி, அதே மண், முளைத்துவிட்டது. ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்து நம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன், அந்த வாரமே தலை சாய்ந்து கருகிவிட்டது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

அதற்குப் பிறகு கண்ணை விரித்துப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தெரிகிறது. தைத்த பைகளை ஒரு தடவை அலசிக் காயப்போடலாம் என்று நனைத்தேன், வெள்ளைத் துணி பழுப்பேறி வந்தது. வாளியில் தண்ணீரைப் பிடித்து வைத்தால் காலையில் மேலே மெல்லியதாக ஓர் ஏடு, வெயில் பட்டால் மினுங்குகிறது. அப்பா கிணற்றடியிலேயே குளிக்கிறவர் அல்லவா, அவருக்குக் கணுக்கால் இரண்டும் செதில் செதிலாக உரிகிறது. வயசானா அப்படித்தான் என்கிறார். வயது ஏன் காலோடு நின்றுவிட்டது என்று கேட்டேன். நம்ம கிணறு இருக்கிறப்ப குழாய் எதுக்கு என்று தெரு முழுக்க இணைப்பு வாங்கியபோதும் வீம்பாக வேண்டாம் என்றவர் அவர், இப்போது கிணற்றைக் குறை சொல்ல அவருக்கு வாய் வராது. நீ வேலைக்காக வெளியூர் போனபோது இருந்த கிணறு இல்லை இது. அப்போது நம் தெருவுக்குப் பின்னால் வெறும் பொட்டல்தான் இருந்தது, இப்போது அங்கேதான் சம்பந்தியின் சாயப்பட்டறைக்குப் புதுக் கட்டடம் எழும்பி, நம் கொல்லைச் சுவரை ஒட்டி நிற்கிறது. கூரை முழுக்கச் சூரியத் தகடு பதித்திருக்கிறார்கள் அம்மா என்று நீதான் அதன் படத்தை எனக்கு அனுப்பினாய். நானும் அண்ணாந்து கூரையைப் பார்த்து மெச்சினேன், அந்தப் பட்டறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

போன வாரம் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் தோட்டத்து ஏற்பாட்டைப் பேச வந்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் சம்பந்தி தானாக எழுந்து கொல்லைக்கு வந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, பழைய கிணறும்மா, கல்யாண வீட்டுல குழந்தைங்க ஓடியாடும், எதுக்கு வம்பு, எங்க செலவுலயே இதை மூடி மேல ஒரு பூந்தோட்டம் போட்டுத் தந்துடுறோம், உங்க பொண்ணு ஆசைப்பட்ட பசுமைக் கல்யாணத்துக்கு எங்க பரிசா இருக்கட்டும் என்றார். குழாய் இணைப்பையும் அவரே வாங்கித் தருகிறாராம். தண்ணீர் நிறைந்த கிணற்றை மூடித் தருகிறேன் என்று பரிசு பேசுகிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அப்பா உருகிப்போய்த் தலையாட்டிவிட்டார், வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை மண் லாரி வருகிறது. மாப்பிள்ளை போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள், நம் வீட்டில் மூட வரும்போதே கிளம்பிவிட்டது.

அவர்கள் போன பிறகு டம்ளர்களை எடுக்கப் போனேன். நான் வைத்த தண்ணீர் மூன்றிலும் விளிம்பு வரை அப்படியே இருந்தது. முதல் தடவை பெண் பார்த்துப் பேச வந்தபோதும் அப்படித்தான் எடுத்துச் செடிக்கு ஊற்றினேன், இரண்டாம் தடவையும் அப்படித்தான். காப்பி கொடுத்தால் விட்டுட்டோம் என்பார்கள், டீ கொடுத்தால் இப்பதான் குடிச்சோம் என்பார்கள். மூன்று பேர் கையிலும் ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில். அந்த பாட்டிலைப் பார்த்துத்தானே நான் மயங்கினேன், எங்க மாப்பிள்ளை பிளாஸ்டிக்கைத் தொடவே மாட்டார், போகிற இடத்துக்கெல்லாம் சொந்தத் தண்ணீரோடு போகிற பிள்ளை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. இதை டீச்சரிடம் ஆற்றாமையாகச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, என்னக்கா சொல்றீங்க, அன்னிக்கு உங்க வீட்டுலேர்ந்து கிளம்பி நேரா எங்க வீட்டுக்கு வந்து, பாட்டில் காலியாயிடுச்சுன்னு மாப்பிள்ளை ரெண்டு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரே என்றாள். நம் வீட்டில் நிறைந்த டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு, காலி பாட்டிலோடு எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறார்.

கல்யாணத்தை நிறுத்து என்று நான் எழுதவில்லை. நீ அவரை விரும்புகிறாய், போனில் உன் குரலிலேயே அது தெரிகிறது, பெற்றவள் வாயால் அதைக் கெடுக்க எனக்கு மனசு வராது. ஆனால் பயமாக இருக்கிறது, உன்னிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது. அவர் அப்பா செய்ததற்கு அவர் என்ன பண்ணுவார் என்று ஒரு மனது சொல்கிறது. தெரிந்துகொண்டே தன் உதட்டைக் காப்பாற்றிக்கொண்டு, உன்னைப் பெற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே என்று இன்னொரு மனது சொல்கிறது. தெரிந்து வந்தாரா தெரியாமல் வந்தாரா, எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும். போனில் கேட்காதே, போனில் எல்லாரும் நல்லவர்கள். லாரி வருவதற்கு முன்னால் லீவு போட்டுக்கொண்டு வா, அவரையும் வீட்டுக்கு வரச் சொல். உன் கையால் ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டு. அவர் குடிக்க வேண்டாம், குடிக்கவும் விடாதே, நீ நீட்டும்போது அவர் முகத்தை மட்டும் பார். அதற்கப்புறம் நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் நான் உன் பக்கம்தான் நிற்பேன். ஒருவேளை உன்னால் வர முடியாமல் போனால், அந்தத் திங்கட்கிழமை நான் கிணற்றடியில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருப்பேன், யார் வந்து மண்ணைக் கொட்டுகிறார்கள் என்று பார்த்துவிடுகிறேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கேன் தண்ணீர் வாங்கித்தான் சமைக்கிறேன், கேனைக் கட்டிலுக்கு அடியில் உன் துணிப்பைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக்கே இல்லாத கல்யாணம் நடக்கப்போகிற வீட்டில் பிளாஸ்டிக் கேன், நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. இப்போதெல்லாம் சாப்பாடு நல்லா இருக்கே என்கிறார் அவர், நான் இன்னொரு கரண்டி சாதம் போடுகிறேன்.

எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, பெற்ற வயிறு சொல்கிறது, பலிக்கும். வேளைக்குச் சாப்பிடு, கண்ட நேரம் வரை விழித்திருக்காதே. போனை வைக்கும்போது நான் வழக்கமாகச் சொல்வது உனக்கே தெரியும், அதை அங்கே இருக்கிற வரைக்கும் மறக்காதே. இங்கே கிளம்பி வரும்போது மட்டும் உனக்கு வேண்டிய தண்ணீரை நீயே கொண்டு வா, கண்ணே.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா