வெயிலில் வெளுக்காத மஞ்சள்

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை, நானே எழுதுகிறேன். முதியோர் எழுத்தறிவு வகுப்பில் ஆறு மாதம் படித்தேன். இந்தப் பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. என்ன சுகம்! தீப்பெட்டியைக்கூடப் படிக்காமல் விடுவதில்லை.

உங்கள் அத்தை மூட்டுவலிக்கு விழுங்கும் மஞ்சள் மாத்திரை டப்பாவையும் படித்தேன். ‘மஞ்சள் சத்து தொண்ணூற்றைந்து சதவீதம்.’ சோதித்தது உங்கள் கிளை ஆய்வகம். “நம்ம மாப்பிள்ள கையெழுத்துப் போட்ட மாத்திரை” என்று பெருமையாக விழுங்குகிறாள்.

முப்பது வருடம் தலைமை ஆய்வகத்தில் குடுவை கழுவியவன் நான். மஞ்சள் கறை பிடித்த குடுவையை வெயிலில் வைத்தால் கறை போய்விடும். சாயக் கறை போகாது. ஒரு வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு பாதியைச் சமையல் மஞ்சளிலும், மறு பாதியை உங்கள் மாத்திரைக் கரைசலிலும் நனைத்து வெயிலில் காயப்போட்டேன். மூன்று நாளில் முதல் பாதி வெளுத்தது. உங்கள் பாதி வெளுக்காமல் பல்லிளிக்கிறது.

காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். நிறத்தை மட்டும் பார்த்து எண் சொல்லும் உங்கள் ஆய்வகப் பெட்டிக்கும் காமாலையா?

இப்படிக்கு,
மாமா

மார்ச் 11

மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தாலும், முயற்சிக்குப் பாராட்டுகள்.

குடுவை கழுவியவர்கள் வேதியியல் பேசினால் நாங்கள் குடுவை கழுவப் போகலாம். குழாய்க் கருவியில் ஏற்றி ஒவ்வொரு பொருளாகப் பிரித்து அளக்க, ஒரு மாதிரிக்கு முக்கால் மணி நேரம். எனக்கு ஒரு நாளைக்கு நாற்பது மாதிரிகள். நிறம் பார்த்தால் இரண்டே நிமிடம். எண் வந்தால் கையெழுத்து. நீங்கள் செய்தது சோதனை இல்லை, சலவை.

அத்தையை நிறுத்தச் சொல்லுங்கள். இங்கே நம் வீட்டில் அதை யாரும் தொடுவதில்லை.

மாப்பிள்ளை

மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

சலவை என்றதற்கு வாய்விட்டுச் சிரித்தேன். கடைசி வரியைத்தான் நான்கு முறை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முன்போல் தபால்காரர் படித்துக் காட்டியிருந்தால், பாவம், அதை மென்று விழுங்கியிருப்பார். நம் வீட்டில் யாரும் தொடுவதில்லையாம். ஆறு டப்பா தின்றவள் யார் வீடு?

நேற்று தலைமை ஆய்வகத்துப் பெரியவரிடம் போனேன். “என்னய்யா, கைக்குட்டையை ஆட்டிக்கிட்டு வர்றே?” என்றார். காட்டினேன். உடனே மாத்திரையைக் குழாயில் ஏற்றச் சொன்னார். முக்கால் மணி நேரம் நின்று பார்த்தோம். கருவி வரைந்த கோட்டில் மஞ்சள் சத்து மேடு எறும்புப் புற்றளவு. சாயம் தனியாக, மலையாக எழுந்தது.

“மாத்திரையை நிறுத்தணும்னா புகார் எழுதணுமே. யாரை எழுதச் சொல்லட்டும்?” என்றார்.

“பேனாவைக் குடுங்க” என்றேன்.

அந்தக் கைக்குட்டை எது தெரியுமா? உங்கள் கல்யாணப் பதிவேட்டில் நான் கட்டைவிரல் வைத்தபோது, “துடைச்சுக்குங்க, கைநாட்டு மாமா” என்று ஊர் சிரிக்க நீங்கள் நீட்டியது. மூலையில் என் விரல் மை இன்னும் இருக்கிறது. புகாரோடு அதையும் சேர்த்துக் குத்தியிருக்கிறேன்.

கீழே கையெழுத்தும் போட்டேன். உங்களுடையதைப் போல் இல்லை. படித்துப் பார்த்துவிட்டுப் போட்டது.

இப்படிக்கு,
மாமா