படம் ஓடும்போது அமுக்க வேண்டும்

இயேசு மரி சூசை

சாந்தோம், சென்னை
வெள்ளிக்கிழமை, நவம்பர் 1999

அன்புள்ள லிசா அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் மாமா, லிசா, நான் மூவரும் சௌக்கியம். மஸ்கட்டில் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், பார்க்கவா முடிகிறது?

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்று, அங்கிருந்து லீவில் வந்த ஜவஹர் அண்ணன் மூலம் கேட்டிருந்தீர்கள். பதில் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. முதலில் எழுதினால் மற்றதைப் படிக்காமல் மடித்துவிடுவீர்கள் என்று பின்னால் வைத்திருக்கிறேன். தாவிப் போகாதீர்கள்.

அண்ணன் கையில் கொடுத்தனுப்பிய வீடியோ கேம் வந்ததிலிருந்து நம் வீட்டில் யாரும் ஜெபமாலைக்குக்கூட நேரத்துக்கு உட்காருவதில்லை. ஹீரோவை ஓடவும் குதிக்கவும் வைப்பது நாம்தான். நடுவில் திடீரென்று சினிமா மாதிரி ஒரு காட்சி தானாக ஓட ஆரம்பிக்கும். பாலம் உடையும், லாரி பாய்ந்து வரும். நாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மூலையில் ஒரு முக்கோணமோ வட்டமோ மின்னும். கண் மூடித் திறப்பதற்குள் அந்தப் பொத்தானை அமுக்கினால் பிழைப்பான். இல்லாவிட்டால் செத்தான்.

உங்கள் அப்பாவுக்கு இதுதான் பிடிபடவில்லை. காட்சி ஓட ஆரம்பித்ததும் ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டுக் காபி டம்ளரை எடுத்துவிடுவார். "ஹீரோதானே, அவன் பாத்துப்பான்" என்பார். டம்ளர் வாய்க்குப் போவதற்குள் ஹீரோ பாதாளத்தில். லிசா தலையில் அடித்துக்கொள்வாள். ஹெட்மாஸ்டராக இருந்து ரிடையர் ஆன மாமா, "படம் காட்டுறப்போ பரீட்சை வைக்கிறானே, இது எந்த ஊர் நியாயம்?" என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். மேல் வீட்டு விசாலாக்ஷி மாமி என்னமோ ஏதோ என்று பதறி இறங்கி வந்தார். இப்போது அவரும் தினம் வந்து உட்கார்ந்து ஹீரோவுக்காக உச்சுக்கொட்டுகிறார்.

சிரிக்காதீர்கள், நம் வீட்டில் அந்தப் பாலத்தைத் தாண்டியது நான் ஒருத்திதான். எப்போது வரும் என்று தெரியாத தண்ணீர் லாரிக்கு, ஹாரன் கேட்டதும் குடத்தோடு ஓடிப் பழகியவள் இல்லையா? யோசித்தால் தப்பிவிடும், பார்த்ததும் அமுக்கிவிட வேண்டும். எங்கம்மா சூப்பர் என்று லிசா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது, மறைப்பானேன்.

நேற்று சாயங்காலம் ஜவஹர் அண்ணன் சொல்லிக்கொண்டு போக வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "தங்கச்சி, ஃபிரெட்ரிக் கிட்ட இன்னா சொல்லட்டும்?" என்று கேட்டார். போன இரண்டு தடவையும் "உங்கள் இஷ்டம்" என்று எழுதிவிட்டு, தபாலில் போட்டுவிட்டு வந்து அழுதவள் நான். இந்தத் தடவை மாமா வாயைத் திறப்பதற்குள், நானே யோசிப்பதற்குள், "கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லுங்கண்ணா, வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் மாமா முகத்தைப் பார்த்தேன். வேளச்சேரியில் சொந்த வீடு வேண்டும் என்று மாமாதானே உங்களை அனுப்பினார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நானும் அதையே சொன்னேன்னு சொல்லுப்பா" என்றார். ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

வேளச்சேரி வீட்டை விடுங்கள். மழை வந்தால் அங்கே முழங்கால் தண்ணீராம். லிசா பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் என்னை டீச்சர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகப்போகிறேன். இந்த வாடகை வீட்டிலேயே நாலு பேரும் இடித்துக்கொண்டு இருக்கலாம்.

விளையாட்டில் தப்பவிட்டால் அதே காட்சி மறுபடி வருகிறது. லிசா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாள் மறுபடி வராது. உங்களுக்கு அனுப்பிய போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். ஆனால் வெள்ளைக் கவுனில் பீடத்துக்கு நடந்தபோது திரும்பித் திரும்பி கோவில் வாசலையே பார்த்துக்கொண்டு போனாள். அப்பா திடீரென்று வந்து நிற்பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவளுக்குப் பத்து வயது. இன்னும் இரண்டு வருஷம் போனால் வாசலைப் பார்க்கமாட்டாள்.

ஆரோக்கிய மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இதற்குப் பதில் எழுத வேண்டாம். வாருங்கள்.

உங்கள்
ஆனி