யாருமே எழுதாத விடை

ஜூலை 3
ஏழாம் வகுப்பு அ பிரிவில் முப்பத்தெட்டுப் பேர். "புரிஞ்சுதா?" என்றால் எல்லாத் தலையும் ஆடுகிறது. தேர்வு வைத்தால் ஒன்பது பேர்தான் பாஸ். கணக்கு டீச்சர் நான்; என் மகளே அந்த ஒன்பதில் இல்லை.

நாளையிலிருந்து புது முறை. காலையில் ஒரே ஒரு கணக்கு, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பெயர் வேண்டாம். தவறான விடை ஒன்றை என் கையெழுத்தில் போர்டில் எழுதுவேன். இதில் எதுவரை சரி என்று முதலில் கேட்பேன். எங்கே சறுக்கியது என்பது அப்புறம்.

ஜூலை 11
அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று ஒரு சீட்டு. "டீச்சர், கூட்டினப்புறம் அரையைவிடக் கம்மியாயிடுச்சே!" என்று கத்தினாள் கடைசி பெஞ்ச் வாயாடி. பதினேழு வருஷமாக நான் தொண்டை கிழியச் சொன்னது இப்படி ஒருநாளும் ஏறியதில்லை.

ஜூலை 24
தையல்கார அம்மா ஒருவர் வந்தார். "எம் பொண்ணு தப்பை போர்டுல போட்டீங்களாம். சாப்பிடாம படுத்துட்டா."

பெயர் போடவில்லையே என்றேன்.

"அவளுக்குத் தெரியும்ல?"

ஜூலை 25
அடுத்தவர் பிள்ளையை எதற்கு அழவைக்க வேண்டும்? என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டு நோட்டின் பின்பக்கம் முழுக்கத் தவறுகள்தான். அவள் சறுக்கிய கணக்கையே காலையில் கொடுத்து, அவள் விடையையே போர்டில் போட்டால் சண்டைக்கு யார் வரப்போகிறார்கள்?

அவளிடம் கேட்கவில்லை. என் பிள்ளைதானே.

ஆகஸ்ட் 14
இருபத்தாறு பேர் பாஸ்! தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆகஸ்ட் 19
எழுதித்தான் தீர வேண்டும்.

மைனஸ் மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் எட்டு என்று போர்டில் எழுதினேன். நேற்று மகள் நோட்டில் இருந்தது. வாயாடி எழுந்தாள். "டீச்சர், சீட்டைக் குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் விடையைக் காட்டிக்கிட்டோம். யாருமே பிளஸ் எட்டுன்னு எழுதலையே. இது யாரோடது?"

என் கண் என்னை மீறி மகள் பக்கம் போனது. அவ்வளவுதான். முப்பத்தேழு தலையும் அங்கே திரும்பின. சிரிப்பு. நானும் சிரிச்சேன். ஏன் சிரிச்சேன்? சமாளிக்கத்தான்... ஐயோ, அது அவளுக்குத் தெரியுமா?

சீட்டுகளைப் பிறகு பார்த்தேன். அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? இன்று அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

வீட்டில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "மொத நாளே தெரியும்மா. வேற யாருக்கும் தெரியாதேன்னுதான் சும்மா இருந்தேன்."

ஆகஸ்ட் 20
சமையலறையில் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள், மூன்று முறையும்.

ஆகஸ்ட் 26
ஆ பிரிவுக்கு மாற்றச் சொல்லித் தலைமையாசிரியைக்கு அவளே கடிதம் எழுதியிருக்கிறாள். கீழே அவள் அப்பா கையெழுத்து.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பான்னு அழுதா. நான் என்ன பண்ண?"

செப்டம்பர் 9
முப்பத்தொரு பேர் பாஸ். அடுத்த மாதம் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த முறையை நான் நடத்திக் காட்ட வேண்டுமாம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்கிறார்கள். சொன்னவருக்குப் பிள்ளை இருந்ததா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 18
வீட்டு நோட்டைத் தன் பையிலேயே வைத்துக்கொள்கிறாள்.

செப்டம்பர் 30
ஆ பிரிவு சார் அவளுடைய விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினார். "பாருங்க டீச்சர், தேடினாலும் ஒரு தப்பு கெடைக்காது."

பத்துக் கணக்கு. நான்கு போட்டிருக்கிறாள், நான்கும் சரி. மற்ற ஆறுக்கும் கேள்வி எண் மட்டும். கீழே ஒன்றுமே இல்லை, எழுதி அழித்த தடம்கூட.

சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், ஏன் முயற்சிகூடப் பண்ணலை என்று.

"தப்பாயிடுச்சுன்னா?" என்றாள்.

அதற்கு என்ன பதில் என்று முப்பத்தேழு பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லித் தருகிறேன். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.